தரங்கம்பாடி நத்தையும் குடுமியான்மலைக் கல்லும்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கல்வெட்டு, கோயில், செப்பேடு என்றுதான் எழுதுகிறேன். இந்த முறை கடல் நத்தை. அதுவும் சுண்டுவிரல் நகம் அளவே உள்ள நத்தை. குடுமியான்மலையில் உட்கார்ந்துகொண்டு கடல் நத்தையோடு உனக்கென்ன வேலைன்னு கேட்பீர்கள். முதல் பதில்: நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடல் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டிச் சுமார் 40 கிலோமீட்டர் கரை. மாவட்டத்துக்காரர்களே பல பேர் இதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது பதில்தான் முக்கியம். ஒரு சின்ன நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு 'இது இன்ன இனம்' என்று சொல்வதும், பாறையில் இருக்கும் எழுத்தைப் பார்த்து 'இது இன்னார் காலத்தது' என்று சொல்வதும் ஏறக்குறைய ஒரே வேலை. இரண்டிலும் பிழை வருகிற வழிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்தப் பிழையைப் பின்னால் வருகிறவர் திருத்த வேண்டுமானால் அதற்குத் தேவைப்படுவதும் ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயர் உள்ளவையும் இல்லாதவையும்

கரையோரத் தமிழில் சங்குக்கும் சிப்பிக்கும் பெயர்ப் பஞ்சம் கிடையாது. ஐவிரல் சங்கு, யானைமுள்ளி, வலம்புரி, இடம்புரி, சோழி, மட்டி என்று நீளும். சங்கு குளித்தவர்கள் ஒரே வகைச் சங்கையே ஜாதி, பட்டி என்று தனித்தனியாகப் பிரித்து விலை பேசியிருக்கிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்தப் பெயர்கள் எல்லாம் ஏதாவது ஒரு பயனை ஒட்டி வந்தவை. விற்க, தின்ன, ஊத, வளையல் அறுக்க, பல்லாங்குழி ஆட. பயன் இல்லாத சின்னஞ்சிறு நத்தைகளுக்குத் தனிப்பெயர் கிடைப்பது அபூர்வம். மொத்தமாகக் 'கிளிஞ்சல்' என்று அள்ளிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினோம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர் பளபளக்கிறதே, அந்தப் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு.

இது குறை இல்லை. எல்லா ஊரிலும் மக்கள் பெயர் வைக்கும் முறை இதுதான். ஆனால் பயன் இல்லாததற்கும் பெயர் வேண்டும், உலகத்தில் யார் கேட்டாலும் அதே பெயர் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் வேறு ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாடு ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குவதாக இன்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேரினப் பெயர் ஒன்று, இனப் பெயர் ஒன்று, ஆக இரண்டு சொல். முதலில் யார் முறைப்படி வெளியிட்டாரோ அவர் வைத்த பெயரே நிற்கும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நம் கடற்கரையில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட பெட்டிகள்

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அங்கே வந்த மிஷனரிகளும் மருத்துவர்களும் வேதத்தோடு செடிகொடி, மீன், சங்கு எல்லாவற்றையும் கவனித்தார்கள். 1768இல் வந்த யோஹன் கெர்ஹார்டு கோனிக் லின்னேயஸின் மாணவர். 1771இல் வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து 1813இல் இறந்தார். ஜான் அனுப்பிய மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக் ஆராய்ந்து, ஒரு மீன் பேரினத்துக்கு ஜான் நினைவாக 'ஜோனியஸ்' என்றே பெயர் வைத்தார்.

சங்குகள் கோபன்ஹேகனுக்குப் போயின. அங்கே படைவீரர் தேவாலயத்தின் போதகராக இருந்தவர் யோஹன் ஹீரோனிமஸ் கெம்னிட்ஸ். மார்ட்டினி என்பவர் 1769இல் தொடங்கிய ஒரு பெரிய சங்கு நூலை, அவர் 1778இல் இறந்த பிறகு, கெம்னிட்ஸ் எடுத்துத் தொடர்ந்தார். 1795 வரை தொகுதி தொகுதியாக வந்தது. ஒவ்வொரு சங்குக்கும் செப்புத்தகட்டில் செதுக்கி, கையால் வண்ணம் தீட்டிய படம். எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பும் பல இடங்களில் உண்டு.

இவ்வளவு செய்தவர் வைத்த பெயர் ஒன்றும் இன்று செல்லாது! காரணம், அவர் லின்னேயஸின் இரண்டு சொல் முறையைச் சீராகப் பின்பற்றவில்லை. நீளமான லத்தீன் வருணனையாகவே பெயர் எழுதினார். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையம் 1944இல் தீர்ப்பாகவே எழுதி அந்தத் தொகுதிகளின் பெயர்களை ஒதுக்கிவிட்டது.

பெயர் யாருக்குப் போனது தெரியுமா? கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்த யோஹன் ஃபிரெடெரிக் க்மெலினுக்கு. லின்னேயஸ் இறந்தபின் அவருடைய நூலின் 13ஆம் பதிப்பை க்மெலின் தொகுத்தார். சங்கு, சிப்பி வரும் பகுதி 1791இல் வெளிவந்தது. அவர் பெரும்பாலும் வேலை செய்தது சங்குகளை வைத்து அல்ல, புத்தகங்களை வைத்து. கெம்னிட்ஸ் தொகுதியைத் திறப்பார், இந்தப் படத்துக்கு இந்த இரண்டு சொல் பெயர் என்று எழுதுவார். ஒரே இனத்தை இரண்டு ஓவியர்கள் இரண்டு நூல்களில் வரைந்திருந்தால் சில சமயம் அதற்கு இரண்டு பெயர் விழுந்துவிடும். அப்படி விழுந்த இரட்டைப் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் இருநூறு வருஷமாகக் களைந்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஹாம்பர்க் நகர மருத்துவர் போல்ட்டன் 1796இல் இறந்தபோது பெரிய சங்குத் தொகுப்பை விட்டுப்போனார். அதை விற்பதற்காக ரோடிங் என்பவர் 1798இல் ஒரு பட்டியல் அச்சிட்டார். விற்பனைப் பட்டியல்தான். பெயர், அதை எந்த நூலின் எந்தப் படத்தில் பார்க்கலாம் என்ற எண், அவ்வளவுதான். ஆனால் அதில் இரண்டு சொல் முறை ஒழுங்காக இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அந்தப் பட்டியலை அமெரிக்கரான டால் 1915இல் தூசிதட்டி எடுத்தார். 1926இல் ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. நம் மணற்கரையில் அலை ஒதுங்கும் இடத்தில் மணலுக்குள் புதைந்து வாழும் ஒரு நத்தையின் இன்றைய அதிகாரப் பெயர் 'புல்லியா டிராங்கிபாரிகா'. பெயர் வைத்தவர் ரோடிங், 1798. டிராங்கிபார் என்பது தரங்கம்பாடிக்கு ஐரோப்பியர் வாயில் வந்த உரு.

க்மெலின் வைத்த பெயர்களிலும் தரங்கம்பாடி இருக்கிறது. 'காந்தாரஸ் டிராங்கிபாரிகஸ்' ஒரு நத்தை. 'வோலாக்லாமிஸ் டிராங்கிபாரியா' விசிறி போன்ற ஒரு சிப்பி. கோட்டையும் கொடியும் போன பிறகும் ஊர்ப்பெயர் நத்தையின் முதுகில் நிற்கிறது. அந்தப் பெயர்களில் ஊர் இருக்கிறது. மணலில் குனிந்து பொறுக்கிக் கொடுத்த ஆள் இல்லை.

ஊர்ப்பெயரை நம்பலாமா?

கல்வெட்டு படிக்கிறவனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். ஒரு கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு அந்தக் கோயிலுடையதுதானா? திருப்பணியின்போது பக்கத்துக் கோயில் கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். துண்டுக் கல்வெட்டுகள் படிக்கட்டிலும் மதில்சுவரிலும் தலைகீழாக இருப்பதை எத்தனை ஊரில் பார்க்கிறோம்! கல் இப்போது இருக்கும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றாக இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

தரங்கம்பாடிச் சங்குகளுக்கும் இதே கதி. டென்மார்க்காரர்கள் 1756 முதல் நிக்கோபார் தீவுகளுக்கும் உரிமை கொண்டாடினார்கள். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொராவியச் சபைச் சகோதரர்கள் நிக்கோபாரில் பல வருஷம் இருந்து அங்கே சங்கும் பிற இயற்கைப் பொருளும் சேர்த்தார்கள். அவையும் தரங்கம்பாடி வழியாகத்தான் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின. ஆக, சீட்டில் 'டிராங்கிபார்' என்று இருந்தால் அது நத்தை வாழ்ந்த இடமாகவும் இருக்கலாம், பெட்டி கப்பல் ஏறிய துறைமுகமாகவும் இருக்கலாம்.

கல் இருக்கிற வரைக்கும்

இந்தச் சிக்கல்களிலிருந்து வெளியே வர விலங்கியலார் கண்டுபிடித்த வழி 'மூல மாதிரி'. ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, இந்தப் பெயர் இந்த ஒரு உடலுக்கு உரியது என்று ஓர் உருப்படியைக் காட்டி, அதை அருங்காட்சியகத்தில் வைத்துவிட வேண்டும். வருணனை தவறாக இருக்கலாம், படம் தவறாக இருக்கலாம், பெயர் வைத்தவரின் கருத்தே தவறாக இருக்கலாம். உருப்படி இருந்தால் போதும், அடுத்த தலைமுறை அதை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொள்ளும். 1999க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும் மூல மாதிரியைக் குறித்துக் காட்டாவிட்டால் பெயரே செல்லாது என்று விதியில் எழுதிவிட்டார்கள்.

குடுமியான்மலைக்காரனுக்கு இது உடனே புரியும். சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டி மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்தில் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகள். பண்டார்க்கர் அதைப் படித்து எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் வெளியிட்டார். முடிவில் ருத்ராசாரியாரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன் இதைச் செய்வித்தான் என்று வருகிறது. அரசன் பெயர் இல்லை! முதலாம் மகேந்திரவர்மனுக்கு 'சங்கீர்ணஜாதி' என்ற பட்டம் இருந்தது, அவன் இசையில் வல்லவன், எழுத்தும் அந்தக் காலத்தை ஒட்டியது என்று பலர் மகேந்திரனைச் சொன்னார்கள். பல்லவன் ஆட்சி இவ்வளவு தெற்கே இருந்ததா என்று மறுத்தவர்களும் உண்டு.

நூறு வருஷமாக இந்த வாதம் நடக்க முடிகிறது என்றால் காரணம் ஒன்றுதான். கல் அதே இடத்தில் இருக்கிறது. பண்டார்க்கர் படித்தது சரியா என்று இன்றைக்கும் ஒருவர் போய்ப் பார்க்கலாம், புதிதாக மைப்படி எடுக்கலாம். நத்தைக்கு மூல மாதிரி என்பது நமக்கு இந்தப் பாறை. கெம்னிட்ஸின் படம் மைப்படி மாதிரி. படியை மட்டும் வைத்துக்கொண்டு ஓரளவுக்குத்தான் வாதாட முடியும்.

ஒன்று பலவாகத் தெரியும் பிழை

இனி முதலில் சொன்ன சுண்டுவிரல் நக நத்தைக்கு வருவோம். அதன் இன்றைய பெயர் 'கிளித்தோன் உவலானியென்சே'. பெரிதானால் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். இந்தியாவின் கிழக்குக் கரையிலும் இலங்கையிலும் தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகச் சேற்றிலும் கடற்புல் படுகையிலும் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது.

இதன் பெயர்க் கதையும் விசித்திரம். 'லா கோகில்' என்ற பிரெஞ்சுக் கப்பல் 1822 முதல் 1825 வரை உலகைச் சுற்றியது. அதில் போன லெஸ்ஸன் என்ற மருத்துவர் 1831இல் இந்த நத்தைக்குப் பெயர் வைத்தார். பசிபிக் கடலின் நடுவில் அன்றைக்கு உவலான் என்றும் இன்றைக்குக் கோஸ்ரே என்றும் சொல்லப்படும் ஒரு சின்னத் தீவின் பெயர் அது. நம் கழிமுகத்தில் தலைமுறை தலைமுறையாக ஊர்ந்துகொண்டிருக்கும் நத்தை, யாரும் கேள்விப்படாத ஒரு தீவின் பெயரைச் சுமக்கிறது. முதலில் பெயர் வைத்தவருக்குத்தான் உரிமை என்ற விதியின் விளைவு இது.

ஒரு கைப்பிடி கிளித்தோனை அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒன்றில் நெளிநெளியாக, ஒன்றில் முக்கோணங்கள், ஒன்றில் நாக்கு நாக்காக, இன்னொன்று கோலமே இல்லாமல் மஞ்சளாக. முன்பின் தெரியாதவர் பத்து இனம் என்று சத்தியம் செய்வார். நிறத்தையும் கோலத்தையும் நம்பி இனம் பிரித்த காலத்தில் இந்தக் குடும்பத்து நத்தைகளுக்குக் கணக்கில்லாமல் பெயர்கள் விழுந்தன. இதைச் சேர்க்க வேண்டிய பேரினமும் நெரிட்டினா, தியோடாக்சஸ், கிளித்தோன் என்று மாறிக்கொண்டே வந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது வாசலை அடைக்கிற சுண்ணாம்பு மூடியைப் பார்க்க வேண்டும். அதன் உட்பக்கத்தில் உள்ள முளையின் அமைப்பு முக்கியம். பாசியைச் சுரண்டித் தின்னும் அரம் போன்ற நாக்கைப் பார்க்க வேண்டும். அதில் வரிசை வரிசையாக இருக்கும் பல்லின் வடிவம் உருப்பெருக்கியில்தான் தெரியும். ஓட்டின் உச்சியில், குஞ்சாக நீரில் மிதந்தபோது போட்ட முதல் சுற்றைப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் ஒத்துப்போனால், மேலே உள்ள கோலம் எவ்வளவு வேறுபட்டாலும் இனம் ஒன்று. நமக்கும் இது பழக்கமான விஷயம்தான். ஒரே காலத்து இரண்டு கல்வெட்டில் எழுத்து வேறு மாதிரி இருந்தால் உடனே வேறு நூற்றாண்டு என்று சொல்லிவிட மாட்டோம். கல்தச்சன் கை மாறியிருக்கலாம் என்று யோசிப்போம்.

கிளித்தோனின் கோலங்களை ஆராயப் பெரிய அளவில் இறங்கியவர் நத்தை நிபுணரே அல்ல. ஹான்ஸ் க்ரூனெபெர்க். 1907இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். 1933இல் நாஜி ஆட்சி வந்ததும் ஜே.பி.எஸ். ஹால்டேனின் ஆதரவோடு லண்டன் வந்து சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தாரே, அதே ஹால்டேன். க்ரூனெபெர்க் ஆயுள் முழுக்கச் செய்தது எலிகளின் மரபியல். ஓய்வு வயதில் இலங்கைக் களப்புகளில் இந்தக் குட்டி நத்தையைப் பிடித்துக்கொண்டார். ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில் எண்ணினார். ஊர் ஊராக எந்தக் கோலம் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டு 1976இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார்.

1982இல், அவர் இறந்த அதே ஆண்டில் வந்த கட்டுரையில், தான் முன்பு பார்த்ததையே திரும்ப நோண்டினார். நத்தையின் ஓடு விளிம்பில்தான் வளர்கிறது. அதனால் குஞ்சுப் பருவம் முதல் கடைசி நாள் வரை போட்ட கோலம் எல்லாம் ஒரே ஓட்டில் வரிசையாக இருக்கிறது, ஒரு கோயிலில் குடைவரை, அர்த்தமண்டபம், பின்னால் கட்டிய மண்டபம் என்று வரிசையாக நிற்பது போல. வளரும் வழியிலேயே கோலம் மாறினால், அந்த வேறுபாட்டை எல்லாம் பிறவிக்குணம் என்று எண்ணிக் கணக்கில் சேர்க்கக்கூடாது அல்லவா? அதற்கு அவர் 'போலிப் பல்லுருவம்' என்று பொருள்படும் பெயர் கொடுத்தார். இத்தனையும் சொல்ல முடிந்தது, ஒவ்வொரு ஓட்டுக்கும் எந்தக் களப்பு, எந்த நாள் என்ற குறிப்பு கூடவே இருந்ததால்.

பல ஒன்றாகத் தெரியும் பிழை

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. நம் கழிமுகங்களில் சேறு தெரியும் இடமெல்லாம் ஊசிக்கோபுரம் போல நீண்ட, பழுப்பு நிறச் சின்ன நத்தை ஆயிரக்கணக்கில் கிடக்கும். பரங்கிப்பேட்டையிலும் முத்துப்பேட்டையிலும் போனவர்கள் கால் வைக்க இடமில்லாமல் பார்த்திருப்பீர்கள். க்மெலின் 1791இல் 'சிங்குலாட்டா' என்று பெயர் வைத்தார். இன்றைய பேரினம் 'பைரெனெல்லா'. பாரசீக வளைகுடாவிலிருந்து ஜப்பான் வரைக்கும் இந்தச் சாயலில் கிடந்ததை எல்லாம் சிங்குலாட்டா என்றே உலகம் எழுதிவந்தது. மீன் பண்ணைக்காரர்களுக்கு இது தொல்லை. பறவைக்கும் மீனுக்கும் போகிற ஒட்டுண்ணிப் புழுக்கள் இதற்குள் வளர்வதால் மருத்துவ ஆராய்ச்சியும் நிறைய.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ரீடும் ஜப்பானியரான டொமோவோ ஒசாவாவும் 2015, 2016 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் டிஎன்ஏவையும் பழைய அருங்காட்சியக ஓடுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஓர் இனம் என்று நினைத்தது பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது. சில இனங்கள் ஒரே சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

விளைவை யோசிச்சுப் பாருங்க. 'சிங்குலாட்டாவில் இந்தப் புழு இருந்தது', 'சிங்குலாட்டா இவ்வளவு உப்பைத் தாங்கியது' என்று பல நாட்டில் பல பத்தாண்டுகள் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் எது எந்த இனத்தைப் பற்றியது? ஆய்வு முடிந்ததும் நத்தைகளைச் சீட்டு எழுதி ஒரு புட்டியில் போட்டு வைத்தவரின் கட்டுரைக்கு இன்றும் உயிர் உண்டு. புட்டியைத் திறந்து பார்த்து இன்ன இனம் என்று திருத்திக்கொள்ளலாம். கொட்டிவிட்டவரின் கட்டுரை, கல் தொலைந்துபோய் யாரோ எழுதிவைத்த படி மட்டும் மிஞ்சிய கல்வெட்டு மாதிரி.

எழும்பூரில் ஒருவர்

நம் கரைச் சங்குகள் வெளிநாட்டிலேயே பெயர் பெற்ற காலம் நீண்டது. சென்னைக் கரையின் சங்குகள் பற்றி 1898இல் கட்டுரை எழுதிய மெல்வில், ஸ்டாண்டென் இருவரும் மான்செஸ்டர்க்காரர்கள். மெல்வில் சேர்த்த தொகுப்பு கைமாறி இன்று வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கேயே உட்கார்ந்து செய்தவர்களில் எனக்குப் பிடித்தவர் எஃப்.எச். கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். வரலாறு படிக்கிறவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். தென்னிந்திய உலோகத் திருமேனிகளின் பட்டியலை 1932இல் டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து வெளியிட்டவர். கோயில் கட்டடக்கலை பற்றியும் எழுதியவர். அதே ஆள்தான் 1941, 1942இல் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சங்கு, சிப்பிகளுக்கு இரண்டு பகுதியாக வழிகாட்டி எழுதினார். இரண்டாம் பகுதி முழுக்க நத்தைகள். அடையாளம் காணும் முறை திருமேனிக்கும் நத்தைக்கும் அவருக்கு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கையில் எடு, அள, பக்கத்தில் இன்னொன்றை வை, வேறுபாட்டை எழுது, எங்கே கிடைத்தது என்று மறக்காமல் குறி.

அவர் காலத்தில்தான், 1927இல், பாம்பனுக்குப் பக்கத்துக் குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய தொகுதியை அருங்காட்சியகம் வெளியிட்டது. பின்னர் எஸ்.டி. சத்தியமூர்த்தி அதே தீவின் நத்தைகளை மட்டும் தனியாக எடுத்து 1952இல் ஒரு நூலாக்கினார். மன்னார் வளைகுடாவில் நத்தை பார்க்கிறவர்கள் இன்றும் அந்த நூலைத்தான் முதலில் திறக்கிறார்கள். ஜானும் கோனிக்கும் பெட்டி கட்டி அனுப்பி நூற்றைம்பது வருஷம் கழித்து, மாதிரியும் படிக்கிற ஆளும் ஒரே ஊரில் இருந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

மிச்சம் இருப்பது

இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவின் கூமாக் பகுதியில் ஃபிலிப் புஷே தலைமையில் ஒரு பிரெஞ்சுக் குழு 295 சதுர கிலோமீட்டர் கடலை அலசியது. 400 ஆள்-நாள் உழைப்பு. கிடைத்த மெல்லுடலி இனங்கள் 2,738. முடிவுகள் 2002இல் வந்தன. அந்த இனங்களில் மூன்றில் ஒரு பங்கு முழு வளர்ச்சியிலும் 4.1 மில்லிமீட்டரைத் தாண்டாதவை. அதாவது அரிசிமணியை விடச் சிறியவை. ஐந்தில் ஒரு பங்கு இனங்களுக்கு ஒரே ஒரு உருப்படிதான் கிடைத்தது. அந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தால் அந்த இனம் பட்டியலிலேயே வந்திருக்காது.

சல்லடை போட்டுத் தேடினால்தான் சின்னது கிடைக்கும் என்பது இதன் அர்த்தம். நம் கரையில் அப்படித் தேடுவதற்குக் காலம் நிறைய இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். பவளப்பாறையை வெட்டி எடுத்ததாலும் அரிப்பாலும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அவற்றின் கரையில் வாழ்ந்த கடுகளவு நத்தைகளை யாராவது அள்ளிச் சீட்டு எழுதி வைத்திருந்தால் அது மட்டும்தான் இனி அந்தக் கரையின் ஆவணம்.

நம் மாவட்டக் கரைக்கும் இதேதான். கோட்டைப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் கடல் அமைதியானது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது, சின்ன நத்தைக்கு ஏற்ற இடம். புதுக்கோட்டையில் 1910இலிருந்து ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. கல்வெட்டைத் தேடி ஊர் ஊராகச் சுற்றும் இளைஞர் கூட்டம் ஒன்று நம் மாவட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அவர்களில் சிலர் வருஷத்துக்கு இரண்டு நாள் கரைப்பக்கம் போனால் போதும். உயிருள்ளதைத் தொட வேண்டாம். அலை ஒதுக்கும் வரிசையில் செத்த ஓடுகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஒரு கை அள்ளி, காயவைத்து, தேயிலைச் சல்லடையில் சலித்து, சின்ன டப்பாவில் போடுங்கள்.

இனம் என்னவென்று தெரியணும்னு அவசியமே இல்லை. அதை நிபுணர் எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வார், இன்றைக்குச் சொன்னதை நாளைக்கு மாற்றியும் கொள்வார். ஆனால் இரண்டு விஷயத்தை அள்ளுகிற ஆளைத் தவிர வேறு யாராலும் பின்னால் எழுத முடியாது: எந்த இடம், எந்த நாள். கூடவே அள்ளியவர் பெயரையும் எழுதிவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் ஊறிப்போகாது. சீட்டை டப்பாவின் மேல் ஒட்டாமல் உள்ளே போடுங்கள். மேலே ஒட்டியது என்றைக்காவது உதிர்ந்துவிடும்.